காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள்!

"கடைசியா எந்தத் தேதியில தலைக்குக் குளிச்சீங்கம்மா?"

என்னிடம் வரும் பெண்களிடம், நாடியில் கை வைப்பதற்கு முன் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். தலைவலியோ, முட்டி வலியோ, தூக்கமின்மையோ, எதற்காக வந்திருந்தாலும் இதைக் கேட்காமல் விடுவதில்லை. பதில்கள்தான் வேடிக்கையாக இருக்கும்.

"ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு நாள் முன்னாடி இருக்கும் டாக்டரம்மா..."

"போன பாவு ஏத்தின வாரம்னு நினைக்கிறேன்."

"அதையெல்லாம் யாரு எழுதி வெச்சிக்கிறாங்க?"

தாமல், பாலுசெட்டி சத்திரம், காஞ்சிபுரம் என்று இந்தப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பெண்களுக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. எந்தத் தேதியில் பட்டு வந்தது, இந்தப் பாவில் இது எத்தனையாவது சேலை, கூலியில் எவ்வளவு பாக்கி நிற்கிறது, எல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஒரு இழை அறுந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். தன் உடம்பில் மாதாமாதம் ஓடுகிற கணக்கு மட்டும் அவர்களுக்கு மறந்துபோகும்.

சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் நான் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். மாதவிலக்கை 'மூன்று நாள் தொல்லை' என்று நினைப்பதை விடுங்கள். அது முழு மாதத்துக்குமான சக்கரம். அதைக் குறித்து வைத்து, அதற்கு ஏற்றபடி சாப்பாடு, வேலை, தூக்கம் மூன்றையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால், பாதித் தொல்லை வைத்தியர் வீட்டுக்கு வராமலே குறையும். மீதிப் பாதியை வைத்தியர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்.

எண்ணத் தெரியுமா?

என்ன கேள்வி இது என்று சிரிக்காதீர்கள். படித்த பெண்களே தப்பாக எண்ணுகிறார்கள். ரத்தப்போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுபவர்கள் நிறையப் பேர். அது சரியல்ல. ரத்தம் நன்றாகத் தெரிய ஆரம்பித்த நாள்தான் முதல் நாள். அங்கிருந்து அடுத்த மாதவிலக்கின் முதல் நாளுக்கு முந்தைய நாள் வரை எண்ண வேண்டும்.

வீட்டில் தொங்குகிற மாதக் காலண்டரை எடுங்கள். முதல் நாளைச் சுற்றி ஒரு வட்டம். போக்கு இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. வலி அதிகமான நாளில் 'வ' என்று ஒரு எழுத்து. மூன்று மாதம் இப்படிக் குறித்தால் போதும், உங்கள் உடம்பின் நடை தெரிந்துவிடும். மகளுக்கும் வயதுக்கு வந்த நாளிலிருந்து இதைப் பழக்குங்கள். காலண்டரில் குறிக்கக் கூச்சமாக இருந்தால் சின்ன நோட்டுப் புத்தகம் போதும். கைபேசியில் குறிக்கிறவர்கள் அப்படியே செய்யலாம்.

பொதுவாக 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் சுழற்சி அமைந்தால் சரி. 28 நாள்தான் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. போக்கு 2 நாள் முதல் 7 நாள் வரை இருக்கலாம். வயதுக்கு வந்த முதல் ஓரிரண்டு வருடமும், மாதவிலக்கு நிற்கப்போகும் 45 வயதை ஒட்டிய காலமும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும்.

நாலு வாரம், நாலு குணம்

ஒரு உதாரணம். ஜனவரி 5-ம் தேதி உங்களுக்கு முதல் நாள். 28 நாள் சுழற்சி என்றால் அடுத்தது பிப்ரவரி 2. நடுவில் என்ன நடக்கிறது?

முதல் சில நாள் போக்கு. கர்ப்பப்பையின் உள்சுவரில் படிந்த மெத்தை கரைந்து வெளியேறுகிறது. அதைத் தள்ளுவதற்காகக் கர்ப்பப்பை சுருங்குகிறது. சுருங்க வைப்பது புராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம். அது அதிகமாகச் சுரப்பவர்களுக்கு அடிவயிற்று வலி, இடுப்புக் கடுப்பு, சிலருக்கு வாந்தி, பேதிகூட வரும். இதைத்தான் நாங்கள் சூதக வலி என்கிறோம்.

போக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் ஏறும். உடம்பு லேசாகும், மனசும் தெளியும். கடினமான வேலை, புதுப் பொறுப்பு, வெளியூர்ப் பயணம் எல்லாவற்றுக்கும் பலருக்கு இது ஏற்ற காலம்.

அடுத்து சினைமுட்டை வெளிப்படுவது. இது எல்லோருக்கும் 14-ம் நாள் என்று நினைப்பது தவறு. அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு என்று பின்னாலிருந்து எண்ண வேண்டும். நம் உதாரணத்தில் ஜனவரி 19 வாக்கில் வரும். அதே பெண்ணுக்கு 35 நாள் சுழற்சி என்றால், அடுத்த மாதவிலக்கு பிப்ரவரி 9, முட்டை வெளிப்படுவது ஜனவரி 26 வாக்கில். அந்தச் சமயம் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பான கசிவு இருக்கும். அதை 'வெள்ளைப்படுதல்' என்று பயந்து மருந்து தேடாதீர்கள். (இந்தக் கணக்கு உடம்பை அறிந்துகொள்ளத்தான். குழந்தை வேண்டாம் என்பதற்கு இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.)

கடைசி வாரம்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற வாரம்! புரோஜெஸ்டிரோன் ஏறி இறங்கும். மார்பு கனக்கும், வயிறு உப்பும், மலம் இறுகும், சின்ன விஷயத்துக்கும் கண் கலங்கும். "அம்மாவுக்கு இன்னிக்கு என்னாச்சு?" என்று பிள்ளைகள் கேட்கும். காலண்டரைப் பார்த்தால் என்னாச்சு என்று தெரிந்துவிடும். கோபம் உங்கள் சுபாவம் அல்ல, இது இருபத்து நாலாம் நாள் என்று தெரிவதே ஒரு ஆறுதல். அந்த வாரம் உப்பு, ஊறுகாய், அப்பளம், காபி, டீ எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். ராத்திரி அரை மணி முன்னதாகப் படுங்கள். பெரிய சண்டைகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது!

தறியும் பதினாலு வேகமும்

இனி நான் அதிகம் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தானாக வெளிப்படுத்துகிற பதினான்கு உந்துதல்கள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது பாடம். கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு ஆகியவை அவை. இவற்றில் மலத்தையும் சிறுநீரையும் கீழ்நோக்கித் தள்ளுகிற காற்றுக்கு அபானன் என்று பெயர். மாதவிலக்கைக் கீழே இறக்குவதும் அதே அபானன்தான் என்பது எங்கள் மருத்துவத்தின் கணக்கு. மூன்றுக்கும் ஒரே வாசல்காரன். ஒன்றை அடைத்தால் மற்றது தடுமாறும்.

இப்போது தாமலுக்கு வாருங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில், பெரிய ஏரியும் வராகீஸ்வரர் கோயிலும் உள்ள ஊர். அங்கே ஒரு தறி வீட்டுப் பெண்ணின் ஒரு நாளைப் பாருங்கள். விடியும் முன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் குழித்தறியில் உட்காருகிறாள். கால் இரண்டும் குழிக்குள், மிதியின் மேல். முதுகு முன்பக்கம் வளைந்திருக்கும். கோர்வைச் சேலை என்றால் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், மறு ஓரத்து நாடாவைப் போடுவதற்கு இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை பல வீடுகளில் மனைவி, அல்லது மகள். அவள் எழுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும்.

ஆகவே அவள் எழுந்திருப்பதில்லை. சிறுநீரை அடக்குகிறாள். அடிக்கடி எழுந்திருக்கக் கூடாதே என்று தண்ணீரும் குடிப்பதில்லை, அது தாகம். காலையில் அவசரத்தில் மலத்தை அடக்குகிறாள். ஆள் பக்கத்தில் இருப்பதால் கீழ்க்காற்றை அடக்குகிறாள். காலைப் பசியை ஒரு டம்ளர் டீயில் அடக்குகிறாள். முகூர்த்த சீசனில் தூக்கத்தை அடக்குகிறாள். ஆறு ஆயிற்றா? மாமியார் முன்னாலும் பிள்ளைகள் முன்னாலும் அடக்குகிற கண்ணீரையும் சேர்த்தால் ஏழு. பதினாலில் பாதி!

இதில் அலோபதிக்கும் எங்களுக்கும் பெரிய சண்டை கிடையாது. தண்ணீர் குறைந்து சிறுநீரை அடக்கினால் சிறுநீர்த் தாரையில் தொற்று வரும் என்று அவர்களும் சொல்வார்கள். குடலில் மலம் இறுகி நின்றால் அடிவயிற்று வலி இரட்டிப்பாகத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததே.

தறியில் இல்லாத சகோதரிகளே, இது உங்களுக்கு இல்லை என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். தையல் மெஷின், துணிக்கடைக் கவுண்ட்டர், கம்ப்யூட்டர், பள்ளிக்கூட வகுப்பறை... இங்கேயெல்லாம் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்யும் பெண்கள் அடக்குவதும் இதே ஏழைத்தான்.

என்ன செய்யலாம்?

* பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வையுங்கள். மதியத்துக்குள் அது காலியாக வேண்டும். மதியத்துக்குப் பின் இன்னொன்று.
* மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள். இரண்டு நிமிடம் போதும். இடுப்பைப் பின்பக்கம் வளைத்து, தோளைச் சுற்றி, பாத்ரூம் போய்விட்டு வாருங்கள்.
* முதல் இரண்டு நாளும் வலி உள்ளவர்கள் குழித்தறியில் உட்காராமல், சுவரில் முதுகு சாய்த்துத் தார் சுற்றுவது போன்ற வேலையை எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குக் கோர்வைக்கு வீட்டில் வேறொருவர் உட்காரட்டும். காலண்டரில் வட்டம் போடுகிற வீட்டில் இதை முன்கூட்டியே திட்டமிட முடியும்.
* மாலையில் மல்லாந்து படுத்து, இரு முழங்காலையும் மார்போடு கட்டிக்கொண்டு பத்து மூச்சு. பிறகு சுவரில் கால்களைத் தூக்கிச் சாய்த்துப் பத்து நிமிடம். கால் மரத்துப்போவதும் இடுப்புக் கடுப்பும் குறையும்.
* போக்கு நின்ற பின் வருகிற செவ்வாயோ வெள்ளியோ நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலை முழுகுங்கள்.

லீவு யார் தருவது?

பீகாரில் அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு மாதம் 2 நாள் விடுப்பு 1992-லேயே வந்துவிட்டது. ஜப்பானில் 1947-ம் வருடத் தொழிலாளர் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்புக்கு ஒப்புதல் தந்தது. சந்தோஷம். ஆனால் வீட்டுத் தறிக்கும் அடுப்படிக்கும் எந்தச் சட்டம் வந்து லீவு கொடுக்கும்?

நம் வீடுகளில் ஒரு காலத்தில் 'தூரம்' என்று மூன்று நாள் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய், திண்ணை ஓரம். தொட்டால் தீட்டு என்ற அந்த அவமானம் போகவேண்டியதுதான். போனது நல்லது. ஆனால் அதனோடு சேர்ந்து, அந்த மூன்று நாளில் அவள் தண்ணீர்க் குடம் தூக்காமல் இருந்த ஓய்வும் போய்விட்டது! சில வீடுகளில் இன்னும் மோசம். பூஜை அறைக்குள் வராதே என்று மட்டும் சொல்லி, மற்ற எல்லா வேலையையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஒதுக்கலை விட்டுவிடுங்கள், ஓய்வை வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் தண்ணீர் பிடிப்பதையும் மாவு ஆட்டுவதையும் வீட்டு ஆண்கள் செய்தால் எந்தச் சாஸ்திரமும் குறுக்கே வராது.

ரத்தக் கணக்கு

ஒரு மாதவிலக்கில் சராசரியாகப் போவது 30 முதல் 40 மில்லி ரத்தம். 80 மில்லியைத் தாண்டினால் அதிகப் போக்கு. நாங்கள் பெரும்பாடு என்போம். இரண்டு மில்லி ரத்தத்தோடு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்து போகும். அப்படியானால் மாதம் 15 முதல் 20 மில்லிகிராம். அதைச் சாப்பாட்டில் திருப்பி வைக்காவிட்டால் கடன் ஏறிக்கொண்டே போகும்.

ஏறித்தான் இருக்கிறது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கு! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, முடி கொட்டுகிறதா, மண், சாம்பல், அரிசி தின்னத் தோன்றுகிறதா? வயசாகிறது என்று விடாமல் ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள்.

பள்ளியில் மகளுக்கு வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். "வயித்தைப் பொரட்டுது" என்று அதைப் பெஞ்சுக்கு அடியில் போடுகிற பிள்ளைகள் உண்டு. மதிய உணவுக்குப் பிறகு விழுங்கச் சொல்லுங்கள். வருடம் இரு முறை தருகிற பூச்சி மாத்திரையையும் விடக்கூடாது. குடலில் கொக்கிப்புழு இருந்தால் நீங்கள் ஊட்டுகிற முருங்கைக்கீரை அதற்குத்தான் போகும்.

சித்த மருத்துவத்திலும் இதற்கு வழி இருக்கிறது. அன்னபேதி செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் நான்கையும் சேர்த்து ரத்தசோகை உள்ள வளரிளம் பெண்களுக்கு 45 நாள் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வின் முடிவை 2024 செப்டம்பரில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்டது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரின் வேலுமயிலு சித்த மருத்துவக் கல்லூரியும் அதில் பங்கெடுத்தன. 2,648 பெண்களில் 2,300 பேர் முழுமையாக மருந்து சாப்பிட்டு முடித்தார்கள். ஹீமோகுளோபின் ஏறியது. சோர்வு, முடி உதிர்தல், தலைவலி, மாதவிலக்கு ஒழுங்கின்மை குறைந்தன. ஒரு எச்சரிக்கை: செந்தூரம் அளவோடு கொடுக்க வேண்டிய மருந்து. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் பார்த்துத்தான் தரவேண்டும். நீங்களாகக் கடையில் வாங்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது இது: முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள். கேழ்வரகு, கம்பு, எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், சுண்டல் முறை வைத்து. அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஈரல். கூடவே ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சம்பழம் பிழிந்த ரசமோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது. டீக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அடுப்படி மருந்து

*சூதக வலிக்குக் கஷாயம்:* தட்டிய சுக்கு அரை டீஸ்பூன், ஓமம் அரை டீஸ்பூன், இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சுங்கள். வடிகட்டி, ஒரு சிட்டிகை பெருங்காயம், கொஞ்சம் பனைவெல்லம். சாப்பிட்ட பிறகு காலை, மாலை அரை டம்ளர். வலி வரும் நாளுக்கு முதல் நாளே ஆரம்பித்து மூன்று நாள். (காலண்டர் இருந்தால்தான் முதல் நாள் எது என்று தெரியும்!) வயிற்றில் புண், எரிச்சல் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டாம்.

*ஒத்தடம்:* வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் இருபது நிமிடம். சாதாரண விஷயம், ஆனால் நன்றாகக் கேட்கும்.

*உளுந்தங்களி:* தோலோடு கருப்பு உளுந்து ஒரு டம்ளர், பச்சரிசி கால் டம்ளர், வாசனை வர வறுத்து மாவாக்கிக்கொள்ளுங்கள். மாவு ஒரு டம்ளருக்குத் தண்ணீர் மூன்று டம்ளர், பனைவெல்லம் முக்கால் டம்ளர். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, மாவைக் கட்டியில்லாமல் கலந்து, மிதமான தீயில் கிளறி, நல்லெண்ணெய் நாலு மேசைக்கரண்டி கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கையில் ஒட்டாமல் உருள வந்தால் பதம். நான் பாளையங்கோட்டையில் படித்தபோது அங்கே கருப்பட்டி போட்டுச் செய்வார்கள். இந்தப் பக்கம் பனைவெல்லம். வயதுக்கு வந்த பதினாறு நாளோடு இதை நிறுத்திவிடுகிறோம். மாதம் இரண்டு முறை, போக்கு நின்ற வாரத்தில், அம்மாவும் மகளும் சேர்ந்து சாப்பிடலாம். சர்க்கரை வியாதி இருந்தால் வெல்லம் போடாமல் உளுந்தங்கஞ்சி.

*நம் ஊர் மருந்து ஒன்று:* காஞ்சிபுரம் கோயில் இட்லியில் என்ன போடுகிறோம்? உளுந்து, சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம். வயிறு உப்பி மந்தமாக இருக்கிற கடைசி வாரத்துக்கு இதைவிடத் தோதான காலைப் பலகாரம் உண்டா?

*வாழைப்பூ:* போக்கு கொஞ்சம் கூடுதலாக உள்ளவர்கள் வாரம் இரு முறை வாழைப்பூப் பொரியலோ கூட்டோ சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாட்டுக்கு இதுவே மருந்து என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

மலைவேம்புச் சாறு, கழற்சிக்காய்ப் பொடி, கற்றாழை என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாதக்கணக்கில் குடிக்க வேண்டாம். அவை நல்ல மருந்துகள்தான். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

கருட சேவைக்கு ஒரு மாத்திரை

வைகாசி பிறந்தால் போதும். வரதராஜப் பெருமாள் கருட சேவை, அப்புறம் கல்யாண முகூர்த்தங்கள். மருந்துக்கடையில் போய், "தள்ளிப் போடற மாத்திரை குடுங்க" என்று கேட்பார்கள். நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை அது. எப்போதோ ஒரு முறை, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் பண்டிகைக்குப் பண்டிகை தானாக வாங்கி விழுங்குவது வேறு. காலில் ரத்தம் உறைந்த சரித்திரம், கல்லீரல் நோய், கண் மங்கி வருகிற ஒற்றைத் தலைவலி, மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. கர்ப்பமாக இருக்கிறோமா என்று தெரியாமலும் போடக்கூடாது.

காலண்டர் பழக்கம் இங்கேயும் உதவும். மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிக்கும்போதே பெண்ணின் தேதியைக் கேட்டுக் குறிக்கலாமே! இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

துணியா, நாப்கினா?

எதுவானாலும் சுத்தமாக இருந்தால் சரி. துணி என்றால் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும். புடவைக்கு அடியில் மறைத்து, இருட்டு மூலையில் ஈரத்தோடு காய வைப்பதுதான் தொற்றுக்கு வழி. நாப்கின் என்றால் போக்கு குறைவாக இருந்தாலும் நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவசமாகத் தர 2011-12-ல் தமிழக அரசு 'புதுயுகம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. மகளுக்குக் கிடைக்கிறதா என்று பள்ளியிலோ, கிராம செவிலியரிடமோ, அங்கன்வாடியிலோ கேளுங்கள். கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம், குறைந்த செலவில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஒரு ஆண்பிள்ளை ஊரறிய இதைப் பேசியிருக்கிறார். நாம் நம் வீட்டுக்குள் பேசக்கூடாதா?

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

* மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து, அது இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தால் உடனே.
* ஐந்து ரூபாய் நாணய அளவோ, அதைவிடப் பெரிதாகவோ கட்டி கட்டியாகப் போனால்.
* போக்கு 7 நாளைத் தாண்டினால்.
* 21 நாளுக்குள் அல்லது 35 நாளுக்கு மேல் என்று தொடர்ந்து வந்தால். 3 மாதம் வராமலே இருந்தால்.
* நாள் தள்ளிப்போய், ஒரு பக்கம் கடும் வலியோ மயக்கமோ வந்தால் உடனே.
* வருடத்துக்கு வருடம் வலி கூடினால், பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமல் செய்தால்.
* வெள்ளைப்படுதலில் நாற்றம், அரிப்பு, நிற மாற்றம் இருந்தால்.
* 15 வயதாகியும் வயதுக்கு வராவிட்டால்.
* மாதவிலக்கு நின்று ஒரு வருடமான பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும். இதை மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

என்னிடம் வந்த ஒரு தறி வீட்டுப் பெண், பத்து நாள் போக்கை "உடம்புச் சூடு" என்று மோர் குடித்தே இரண்டு வருடம் ஓட்டியிருந்தார். ஹீமோகுளோபின் 6 கிராம். ஸ்கேன் எடுக்க அனுப்பினேன், கர்ப்பப்பையில் நார்க்கட்டி. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். சூடு என்ற ஒரு வார்த்தைக்குள் எத்தனை நோய் ஒளிந்துகொள்கிறது பாருங்கள்!

வாசகியர் வழக்கமாகக் கேட்பவை

*மாதவிலக்கு நாளில் தலைக்குக் குளிக்கலாமா? தயிர் சாப்பிடலாமா?*

தாராளமாக வெந்நீரில் குளியுங்கள். எண்ணெய்க் குளியலை மட்டும் அந்த நாட்களில் தவிர்ப்பது எங்கள் முறை. சளி, இருமல் இல்லையென்றால் பகலில் மோராகக் கடைந்து சாப்பிடலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்பேன். அதனால் ரத்தம் உறைந்துவிடும் என்பது கட்டுக்கதை. வயிற்றுக்கு இதமாக இருப்பது வெதுவெதுப்பான நீர், அவ்வளவுதான்.

*பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு இரண்டு மாதம் தள்ளிப் போகிறது. முகத்தில் பரு, எடையும் கூடுகிறது. பரீட்சை டென்ஷன்தானே?*

டென்ஷனாலும் தள்ளிப் போகும். ஆனால் பருவும் எடையும் சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை இருக்கலாம். தைராய்டும் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கிடையில் தினமும் அரை மணி வேக நடை, ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு, பேக்கரி அயிட்டத்துக்கும் குளிர்பானத்துக்கும் லீவு.

*வலிக்கு மாத்திரை போட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காதா?*

அப்படி எதுவும் இல்லை. தாங்க முடியாத வலியில் டாக்டர் சொன்ன மாத்திரையை, சாப்பிட்ட பிறகு போடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது வீரமல்ல. ஆனால் மாதாமாதம் மாத்திரை இல்லாமல் முடியவில்லை என்றால், காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

*வீட்டுக்காரருக்கு இதெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும்?*

காலண்டர் மாட்டியிருக்கும் சுவர் இரண்டு பேருக்கும் பொதுதானே! வட்டம் போட்ட நாளில் தண்ணீர்க் குடத்தை அவர் எடுக்கட்டும்.

இந்த மாதமே ஆரம்பியுங்கள். ஒரு பேனாவை நூலில் கட்டிக் காலண்டர் ஆணியிலேயே தொங்கவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எந்த மருத்துவரிடம் போனாலும் அந்த மூன்று தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். நாடி பார்ப்பதில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.